மொட்டை மாடில கசீபோ, அப்புறம் ஷெட்டு: கால் எங்க நிக்கணும்னு பாக்காம நான் விட்ட காசு

இத எழுதணும்னு ரெண்டு வருஷமா நெனச்சுட்டு இருந்தேன். போன வாரம் எங்க தெருவுலயே ஒருத்தங்க மாடில ஷெட்டு போட ஆள் வந்து ட்ரில் போட்டுட்டு இருந்தாங்க, கீழ இருந்து அந்த சத்தம் கேட்டதும் எனக்கு வயித்த பெசஞ்சுடுச்சு. நேரா ஏறிப் போயி சொல்லிட்டு வந்தேன். அவங்ககிட்ட சொன்னத எல்லாருக்கும் சேத்து இங்க எழுதிடறேன். நாங்க இருக்கறது சென்னைல மேடவாக்கம் பக்கம், தனி வீடு, கீழ்தளம் மட்டும். வீட்டுக்காரர் மஸ்கட்ல வேலை. இங்க நான், பையன், என் அம்மா. அதனால இந்த வேலை மொத்தமும் நான் ஒருத்தியாதான் பாத்தேன், யார கேக்கணும்னு கூட தெரியாம.

2022ல அம்மா ஊர்ல இருந்து எங்களோட வந்து தங்கினாங்க. ஊர்ல திண்ணைல உக்காந்து போறவர்றவங்கள பாத்துட்டே பழகினவங்க, இங்க நாலு சுவத்துக்குள்ள அவங்களுக்கு மூச்சு முட்டுது. சாயங்காலம் மாடில காத்தாட உக்கார நிழல் வேணும், வடாம் காயப்போட்டா காவலுக்கு உக்கார எடம் வேணும், அவ்வளவுதான் தேவை. ஆன்லைன்ல ஒரு கசீபோ பாத்தேன். 10க்கு 10 அடி, நாலு இரும்புக் கால், மேல ரெண்டு அடுக்கு துணிக் கூரை, படத்துல பாக்க ரிசார்ட் மாதிரி இருந்துச்சு. 28,500 ரூபா. ஜூன் மாசம் வந்துச்சு, நானும் பையனும் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து நட்டு போல்ட்டு முடுக்கி நிக்க வெச்சோம். பெட்டிக்குள்ள நாலு கம்பி ஆணி இருந்துச்சு, அது மண்ணுல அடிக்கறதுக்கு. மாடில மண்ணு எங்க இருக்கு? அந்த எடத்துலயே நான் நின்னு யோசிச்சிருக்கணும். தோட்டத்துக்குன்னு செஞ்ச பொருள மாடிக்கு வாங்கிட்டோமேன்னு தோணவே இல்ல. 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் நாலு வாங்கி அதுல கான்கிரீட் நெரப்பி காலுக்கு ஒண்ணா வெச்சு கட்டினேன். ஒரு பக்கெட் 45 கிலோ வரும், நாலும் சேந்து 180 கிலோ. என்னால அசைக்கவே முடியல, அதனால காத்தாலயும் அசைக்க முடியாதுன்னு நம்பிட்டேன்.

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு அம்மா சொல்லிட்டே இருந்தாங்க, ஆனா ஆடி வந்துச்சு போச்சு, கசீபோ அப்படியே நின்னுச்சு. அதுதான் எனக்கு தைரியம் குடுத்துடுச்சு. டிசம்பர் 9ஆம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரைய கடந்துச்சுல்ல, அன்னிக்கு சாயங்காலமே துணிய கழட்டியிருக்கணும். மழைல ஏற பயந்துட்டு காலைல பாத்துக்கலாம்னு விட்டேன். ராத்திரி ஒரு மணிக்கு மேல தலைக்கு மேல எதையோ இழுக்கற மாதிரி ஒரு சத்தம், அடுத்து டமார்னு ஒண்ணு, அதுக்கப்புறம் பக்கத்து வீட்டுல இருந்து கத்துற குரல். கசீபோ பக்கெட்டோட எழும்பி, எங்க தண்ணி டேங்க் பைப்ப ஒடச்சுட்டு, கைப்பிடி சுவர தாண்டி பக்கத்து வீட்டு பின்பக்கம் துணி தொவைக்கற எடத்து ஷீட்டு மேல விழுந்திருக்கு. பக்கெட்டுல ரெண்டு எங்க மாடிலயே ஒடஞ்சு கெடந்துச்சு, ரெண்டு அதோடயே போயிடுச்சு. 45 கிலோ கான்கிரீட்டு ராத்திரி நேரத்துல ஆள் வீட்டு மேல! அந்த வீட்டு அக்கா அதிகாலைல அங்கதான் நின்னு பாத்திரம் தேய்ப்பாங்க. விழுந்தது ராத்திரியா போச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகல. அத நெனச்சா எனக்கு இன்னிக்கும் கை நடுங்கும். அவங்க ஷீட்டுக்கு 9,000 குடுத்தேன், எங்க பைப்புக்கு 2,500 ஆச்சு. அந்த வீட்டு அங்கிள் ஒரு வார்த்தை கடுமையா பேசல, அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

இதுல என்ன கணக்குன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சு ஒரு இன்ஜினியர் சொல்லித்தான் புரிஞ்சுது. அவர பத்தி பின்னாடி வரேன், ஆனா கணக்க இப்பவே சொல்லிடறேன். நாம கூரைன்னா கீழ அழுத்துற கனம்னு நெனைக்கறோம், ஆனா நாலு பக்கமும் தொறந்த கூரைய காத்து மேல தூக்கத்தான் பாக்கும். காத்தோட வேகத்த ஒரு செகண்டுக்கு எத்தன மீட்டர்னு எடுத்து, அத அதாலயே பெருக்கி, 0.6ஆல பெருக்குனா ஒரு சதுர மீட்டருக்கு எத்தன நியூட்டன்னு வரும், 10ஆல வகுத்தா ஏறக்குறைய கிலோ. மணிக்கு 80 கிலோமீட்டர்னா செகண்டுக்கு 22 மீட்டர், அப்போ சதுர மீட்டருக்கு 30 கிலோ. 10க்கு 10 அடி கூரை 9.3 சதுர மீட்டர், அப்போ 280 கிலோ தூக்கு விசை. என் பக்கெட்டு 180. இதே 40 கிலோமீட்டர் காத்துன்னா பாதி வேகம்தான், ஆனா விசை கால்வாசி, 70 கிலோ. ஆடில ஏன் நின்னுச்சு, புயல்ல ஏன் பறந்துச்சுன்னு இந்த ஒரு கணக்குலயே இருக்கு. கூரையோட வடிவத்த பொறுத்து இது கூடும் கொறையும், ஆனா அளவு புரிய இது போதும். கட்டடத்துக்குன்னு இருக்கற இந்திய தரக்குறியீட்டுல, ஐஎஸ் 875 மூணாம் பாகத்துல, சென்னைக்கு அடிப்படை காத்து வேகம் செகண்டுக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோயமுத்தூருக்கும் 39, திருச்சிக்கு 47. அதனால கோவைல இருக்கற சொந்தக்காரங்க வீட்டுல நிக்குது, நமக்கும் நிக்கும்னு கடலோரத்துல இருக்கறவங்க எடுத்துக்காதீங்க.

சரி, துணி வேணாம், இரும்புல நெரந்தரமா ஷெட்டு போட்டுடலாம்னு 2023 ஏப்ரல்ல முடிவு பண்ணேன். மூணு பேர்கிட்ட ரேட்டு கேட்டேன், மூணு பேரும் சதுரடிக்கு இவ்ளோன்னுதான் சொன்னாங்க. நான் 340 சொன்னவருக்கு குடுத்தேன். 12க்கு 14 அடி, 168 சதுரடி, 57,120 ரூபா. 2 இன்ச் சதுர பைப்பு, 2 எம்எம் கனம், 0.50 எம்எம் கலர் ஷீட்டுன்னு வாயால பேசினது, பேப்பர்ல எழுதினது மொத்த தொகை மட்டும். ஆறு கால். ஒவ்வொரு காலுக்கும் கீழ பேஸ் பிளேட்டுன்னு ஒரு இரும்புத் தகடு, அத தளத்தோட புடிக்க பிளேட்டுக்கு நாலு ஆங்கர் போல்ட்டு, மொத்தம் 24 ஓட்டை. ரெண்டே நாள்ல முடிஞ்சுது. ஓட்டைய சுத்தி ஒயிட் சிமெண்ட்ட பூசிட்டு "ஒரு சொட்டு எறங்காதுக்கா, நான் கேரண்டி"ன்னு சொல்லிட்டு போனாரு.

அந்த ட்ரில் போடறப்ப நான் பக்கத்துலயே நின்னேன். அதனால இத நீங்க கண்டிப்பா கேக்கணும். ட்ரில் போட்டா வெளிய ஒரு தூள் வரும் பாருங்க, எங்க மாடில வந்த தூள் செங்கல் நெறம், கூட வெள்ளையா சுண்ணாம்பு. ஓட்டைய சுத்தி செவப்பா ஒரு சின்ன கோலம் மாதிரி கொட்டிக் கெடந்துச்சு. அத நான் தொடப்பத்தால கூட்டி எடுத்து போட்டேன், அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியாம. நம்ம பக்கம் பழைய வீடுகள்ல கான்கிரீட் தளத்துக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மூணு இன்ச்சுக்கு ஒரு தளம் இருக்கும், அதுக்கும் மேலதான் தட்டோடு. வெயிலயும் மழையயும் தாங்கறதுக்காக போடறது அது. போல்ட்டு பிடிக்க வேண்டியது அதுக்கு கீழ இருக்கற கான்கிரீட்ட. தூள் சாம்பல் நெறத்துல வந்தாதான் கான்கிரீட்டுக்குள்ள போயிருக்குன்னு அர்த்தம். எனக்கு 24 ஓட்டைலயும் செவப்புதான். அப்போ போல்ட்டு பூராவும் ஜல்லிக்குள்ளதான் நின்னுச்சு, புடிமானமும் கெடையாது, தட்டோட்ட ஒடச்சு தண்ணிக்கு 24 வழியும் போட்டாச்சு.

ஏழு மாசம் ஒண்ணும் தெரியல. அம்மா தெனமும் சாயங்காலம் மேல போயி உக்காந்தாங்க, எனக்கு சந்தோஷம். 2023 டிசம்பர் 3, 4 மிக்ஜாம் மழை. தெருவுல முழங்கால் தண்ணி, கரண்ட் இல்ல, 4ஆம் தேதி மத்தியானம் படுக்கை அறைல ஃபேன் கொக்கி வழியா தண்ணி சொட்ட ஆரம்பிச்சுது. பக்கெட்டு வெச்சோம், அப்புறம் கட்டில நகத்தினோம், அப்புறம் கட்டிலயே கழட்டி ஹாலுக்கு கொண்டுவந்தோம். மழை விட்டு 11 நாள் வரைக்கும் சொட்டுச்சு. ஊர்ல எல்லா எடமும் காஞ்சு போச்சு, எங்க சீலிங் மட்டும் அழுதுட்டே இருக்கு. அந்த செங்கல் ஜல்லி தளம் பஞ்சு மாதிரி தண்ணிய குடிச்சு வெச்சுக்கும், அப்புறம் எங்க வழி கெடைக்குதோ அங்க கொஞ்சம் கொஞ்சமா விடும்னு அப்ப எனக்கு தெரியாது. ஒழுகற எடத்துக்கும் பக்கத்துல இருக்கற காலுக்கும் நடுவுல எட்டு அடி தூரம் இருந்துச்சு, அதனால ஷெட்டு மேல சந்தேகமே வரல.

வாட்டர்ப்ரூஃப் ஆளு வந்தாரு, பாத்ததும் "தளம் பூரா வெடிப்பு மேடம், ஃபுல் கோட்டிங் அடிச்சாதான் நிக்கும்"னாரு. 18,000. கோட்டிங் அடிச்சாங்க, பேஸ் பிளேட்டு வரைக்கும் அடிச்சாங்க, பிளேட்டுக்கு அடில எப்படி அடிப்பாங்க? ஜனவரில ஒரு நாள் மழை பேஞ்சுது, திரும்ப அதே கொக்கி. அன்னிக்கு ராத்திரி நான் உக்காந்து அழுதேன். காசு போனது ஒரு பக்கம், என்ன தப்பு பண்றேன்னே தெரியாம காச மட்டும் எடுத்து எடுத்து குடுத்துட்டு இருக்கேனேன்னு ஒரு ஆத்தாமை.

கண்டுபுடிச்சது ஒரு வயசான மேஸ்திரி. பக்கத்து வீட்டு அங்கிள்தான் அனுப்பி வெச்சாரு. அவர் வந்து கோட்டிங்க பாக்கல, சீலிங்க பாக்கல, நேரா ஷெட்டு காலுகிட்ட போயி குத்தவெச்சு உக்காந்தாரு. ஒரு போல்ட்ட கையால திருகினாரு, ஸ்பானரே வேணாம், வெறும் விரலால சுத்தி மேல எடுத்து என் கைல குடுத்தாரு. மரை பூரா ஈரமான செங்கல் சேறு ஒட்டியிருந்துச்சு. மழை நின்னு ஒரு வாரம் ஆன பிறகு. "உறுதியா தெரிஞ்சுக்கலாம்மா"ன்னு சொல்லி, களிமண்ணு கொண்டு வரச்சொல்லி அந்த ஒரு காலை மட்டும் சுத்தி பாத்தி கட்டி தண்ணி நெரப்பினாரு, மாடில வேற எங்கயும் ஒரு சொட்டு ஊத்தல. மறுநாள் சாயங்காலம் சீலிங்ல அதே எடத்துல ஈரம். இந்த சோதனைக்கு செலவு ஒண்ணுமே இல்ல. யாராவது முழு தளத்துக்கும் கோட்டிங் அடிக்கணும்னு சொன்னா, முதல்ல இந்த மாதிரி எடம் எடமா பாத்தி கட்டி பாத்துட்டு அப்புறம் காச எடுங்க.

அவரே சொன்னாரு, இத பெருசா செய்யறதுக்கு முன்னாடி ஒரு இன்ஜினியர்கிட்ட காட்டிடுங்கன்னு. ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் ஒருத்தர் வந்தாரு, 4,000 ஃபீஸ். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "உங்க வீட்டு பில்லர் எங்கெங்க வருது?" அதுவரைக்கும் வந்த ஒருத்தர் கூட கேக்காத கேள்வி அது. எல்லாரும் கூரை என்ன கலர், ஷீட்டா பாலிகார்பனேட்டான்னுதான் கேட்டாங்க, நானும் அதத்தான் மாசக்கணக்கா யோசிச்சுட்டு இருந்தேன். எங்க மாடில ஓரத்துல பில்லர் கம்பி நீட்டிட்டு இருக்கும், பிற்காலத்துல மாடி எடுக்கறதுக்காக விட்டது, கண்ணுல குத்திடக் கூடாதுன்னு அதுமேல பிளாஸ்டிக் பாட்டில கவுத்து வெச்சிருப்போம். அவர் அந்த பாட்டில காட்டி, "ஷெட்டு நிக்க வேண்டிய எடம் இதுதாங்க, இத விட்டுட்டு எங்கயோ போயி நட்டு வெச்சிருக்காங்க"ன்னாரு. பில்லர் மேல நின்னா கனமும் நேரா அஸ்திவாரத்துக்கு போகும், காத்து தூக்கினாலும் மொத்த வீடும் சேந்து புடிச்சுக்கும். நடு தளத்துல நின்னா அந்த ஒரு சாண் எடம் மட்டும் போராடணும். இன்னொண்ணும் கேட்டேன், கைப்பிடி சுவர் மேலயே கால வெச்சு வெல்ட் பண்ணிக்கலாம், எடம் மிச்சம்னு ஷெட்டு போடற ஃபேப்ரிகேட்டர் ஒருத்தர் சொல்லியிருந்தாரு. அத கேட்டதும் அவர் முகமே மாறிடுச்சு. நாலரை இன்ச் செங்கல் சுவர், அடில தளத்தோட எந்த கம்பி பிணைப்பும் இல்ல, காத்துல ஷெட்டு ஆடுனா சுவரோட தெருவுல விழும்னாரு.

பழைய வேலைல மிச்சம் விட்டுட்டு போன ஒரு அடி பைப்பு துண்டு மூலைல கெடந்துச்சு. இன்ஜினியர் அத கைல தூக்கி பாத்துட்டு எடை போடச் சொன்னாரு. சமையல் தராசுல வெச்சேன், 560 கிராம். 2 இன்ச் பைப்பு 2 எம்எம் கனம்னா ஒரு அடி 900 கிராம் கிட்ட வரணும், 560ன்னா அது 1.2 எம்எம்தான். பேசினது ஒண்ணு, போட்டது ஒண்ணு. ஷீட்டு மட்டும் சரியா இருந்துச்சு, ஏன்னா கம்பெனி ஷீட்டு பின்பக்கம் கனத்த அச்சடிச்சிருப்பாங்க, அதுல ஏமாத்தறது கஷ்டம். அதனால பைப்பு எறங்கற அன்னிக்கே, வெட்டறதுக்கு முன்னாடி, ஒரு முழு நீளத்த எடை போட்டு பாருங்க. 20 அடி நீளத்துக்கு 18 கிலோ இருக்கணும், 11 கிலோ இருந்தா திருப்பி அனுப்புங்க. கொட்டேஷன்ல பைப்பு அளவு, கனம், ஷீட்டு கனம், கால் எத்தனை, கால் எதுல எறங்குது, எல்லாம் எழுதி கையெழுத்து வாங்குங்க. சதுரடி ரேட்டு மட்டும் பேசினா, எங்க கொறைக்கணும்ங்கறத அவங்க முடிவு பண்ணிக்குவாங்க.

2024 பிப்ரவரில பிரிச்சு திரும்ப செஞ்சோம். பழைய ஆறு எடத்துலயும் ஒன்றரை அடி சதுரத்துக்கு தட்டோட்டயும் ஜல்லியையும் கான்கிரீட் தெரியற வரைக்கும் ஒடச்சு எடுத்து, நல்லா காய விட்டு, வாட்டர்ப்ரூஃப் பூசி, திரும்ப நெரப்பி ஓடு பதிச்சாரு மேஸ்திரி. நாலு பில்லர்லயும் கம்பிய வயர் பிரஷ்ஷால துரு போக தேய்ச்சு, கூட கம்பி கட்டி, தளத்துல இருந்து ஒரு அடி ஒசரத்துக்கு கான்கிரீட் பீடம் எழுப்பி, அதுக்குள்ளயே போல்ட்ட நிக்க வெச்சு வார்த்தாரு. மேல ட்ரில்லே கெடையாது. ஏழு நாள் ஈரச்சாக்கு சுத்தி தண்ணி காட்டினது நானும் அம்மாவும்தான். பீடம் ஒரு அடி ஒசரமா இருக்கறதால பிளேட்டுகிட்ட மழைத்தண்ணி தேங்கவே தேங்காது. மேஸ்திரி கூலியும் சாமானும் 38,000. கால் நாலா கொறஞ்சு நடுவுல தூரம் அதிகமானதால மேல பீம் பெரிய பைப்பா போச்சு, பழைய ஷீட்டையே போட்டும் புது சட்டத்துக்கு வேற ஆள்கிட்ட 46,000 ஆச்சு. சரிவ இந்த தடவை எங்க மாடி பக்கமே திருப்பினோம், முன்னாடி பக்கத்து வீட்டு சுவத்துல தண்ணி அடிச்சுது, அதையும் அவங்க சொல்லாம பொறுத்துட்டுதான் இருந்திருக்காங்க. தாழ்ந்த பக்கம் ஏழரை அடியா இருந்தத ஒன்பது அடி ஆக்கினோம், அதுலயே சூடு நல்லா கொறஞ்சுது, இருந்தாலும் மே மாசம் மத்தியானம் இரும்பு ஷீட்டுக்கு கீழ உக்கார முடியாது, நாலரை மணிக்கு மேலதான். ஒரு சின்ன விஷயம், ஷீட்ட கிரைண்டர் வெச்சு வெட்ட விடாதீங்க, அந்த நெருப்பு பொறி பட்ட எடமெல்லாம் மூணு மாசத்துல துரு புள்ளி வைக்கும். என்னோடதுல ஒரு ஓரம் அப்படித்தான் இருக்கு.

சீலிங் பட்டி பாத்து பெயிண்ட் அடிக்க 11,000. மொத்தமா கூட்டிப் பாத்தா 2,14,120 ரூபா. முதல் நாளே இன்ஜினியர கூப்பிட்டு, பில்லர் மேல பீடம் கட்டி, சரியான பைப்புல போட்டிருந்தா ஒண்ணேகால் லட்சத்துக்குள்ள முடிஞ்சிருக்கும்னு மேஸ்திரி கணக்கு போட்டு சொன்னாரு. ஒன்றரை வருஷத்துக்கு மேல இதே வேலையா அலைஞ்சதும், அம்மா அந்த டிசம்பர் முழுக்க ஹால்ல கட்டில்ல படுத்து இருமினதும் இந்த கணக்குல வராது.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரைய கடந்த அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல. மேல ஷீட்டுல மழை அடிக்கற சத்தம் மட்டும் கேட்டுட்டே இருந்துச்சு, இழுக்கற சத்தம் எப்ப வரும்னு காதயே தீட்டி வெச்சிருந்தேன், வரல. காலைல மேல போயி நாலு காலையும் கையால ஆட்டி பாத்தேன். கீழ வந்து ஃபேன் கொக்கிய தொட்டு பாத்தேன், காஞ்சுதான் இருந்துச்சு. இப்ப வருஷா வருஷம் புரட்டாசில, மழைக்கு முன்னாடி, பையன் ஸ்பானர எடுத்துட்டு போயி 16 நட்டையும் முடுக்குவான். போன தடவை வடகிழக்கு மூலைல ரெண்டு நட்டு கால்வாசி சுத்து எளகி இருந்துச்சு, கடல் காத்து முதல்ல அடிக்கறது அந்த காலுலதான், அந்த காலுக்கு மட்டும் நட்டுக்கு மேல இன்னொரு நட்டு போட்டு பூட்டி வெச்சிருக்கோம்.